இருசம்மாளின் வயிறும் ஐந்து தெருவும்

1959 முதல் 1971 வரை கடலூர் ஓ.டி. ஜங்ஷனில் பார்சல் எழுத்தராக இருந்தேன். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் என் தராசில் ஏறிய உயிருள்ளவை மூன்று: கோழி, ஆடு, இருசம்மாள். கோழிக்கும் ஆட்டுக்கும் ரசீது போட்டேன். இருசம்மாளுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று தனியாகப் போட்டேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. இதில் வரும் தேதிகளும் எடைகளும் அதிலிருந்து எடுத்தவை. பேச்சு மட்டும் நினைவிலிருந்து எழுதுவது. ஒன்றிரண்டு சொல் முன்னே பின்னே இருக்கலாம்.

இருசம்மாள் சோனங்குப்பத்துக்காரி. கணவர் சின்னதம்பி கட்டுமரத்தில் போகிறவர். 1965-இல் அவளுக்கு வயது நாற்பத்தொன்று என்று எழுதி வைத்திருக்கிறேன், அது உத்தேசம்தான். புயல் அடித்த வருஷம் பிறந்ததாகச் சொல்வாள். எந்தப் புயல் என்று கேட்டால், "பெரிய புயலு" என்பாள். அதற்கு மேல் துல்லியமாக அவளிடம் எதுவும் வாங்க முடியாது.

தினமும் காலை 7.10 பாசஞ்சரில் மீன் கூடையோடு சிதம்பரம் போவாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை தாண்டி 8.35-க்கு இறங்கி, ரயில்வே கேட்டை ஒட்டிய மூன்று தெருவிலும் ஓமக்குளத்துப் பக்கம் இரண்டு தெருவிலும் விற்றுவிட்டு, பகல் வண்டியில் திரும்புவாள். அவள் கூவுகிற குரலை நான் சிதம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில் நின்றபடி கேட்டிருக்கிறேன். அவள் நின்ற இடம் கேட்டுக்கு அந்தப் பக்கம்.

ஏழு பிரசவத்தில் பிழைத்தவை நான்கு பிள்ளைகள். கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு வயிறு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கொசுவத்துக்கு மேலே மடிந்து தொங்கியது. ரயிலில் ஏறியதும் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள்.

"எத்தினி மாசம்மா?"

"ஏழு."

இந்தப் பதிலை 1961-இலும் கேட்டேன், 1965-இலும் கேட்டேன். ஒருநாள் டிக்கெட் பரிசோதகர் கேட்டேவிட்டார்: "ஏம்மா, போன வருஷமும் ஏழுதான?"

"நமக்கு மெதுவாத்தான் வளருது சார்," என்றாள், உட்கார்ந்தபடியே.

வயிற்றால் இன்னொரு லாபமும் இருந்தது. தலையில் இருபத்தைந்து கிலோ கூடையை வைத்திருக்கிற பெண், அதை இறக்க இன்னொருத்தியிடம் "ஒரு கை குடு" என்று கேட்டே ஆகவேண்டும். இருசம்மாள் கேட்டதில்லை. கூடையைத் தலையிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து வயிற்று மடிப்பின் மேலே, அங்கே ஒரு நொடி நிறுத்தி, பிறகு தரைக்கு. படிக்கட்டில் இறங்குகிற மாதிரி கூடை இறங்கும். ஏற்றும்போதும் இதே வழிதான்.

அவள் கை கேட்காததற்குக் காரணம், கேட்கவேண்டிய ஆள் மலர்க்கொடி என்பது. மலர்க்கொடி சின்னதம்பியின் தங்கை. அதே ரயிலில் அதே பெட்டியில் வருவாள். அந்த ஐந்து தெருவும் முதலில் அவள் அம்மா செல்லாயி விற்ற தெருக்கள். செல்லாயி 1960-இல் இறந்தபோது தெருக்கள் மகளுக்கு வராமல் மருமகளுக்குப் போயின. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

அப்படிப் போனதற்குக் காரணம் குப்பத்து வழக்கம். தெரு, கூடைக்குச் சொந்தம் இல்லை, குரலுக்குச் சொந்தம். எவள் கூவுவது தெருவுக்குக் கேட்கிறதோ அவளுடையது. செல்லாயி போன மறுவாரம் இருவரும் கூவினார்கள். மலர்க்கொடியின் குரல் கொசு பாடுவதுபோல் இருக்கும். இருசம்மாளின் குரலைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். இந்த வழக்கத்துக்கு ஒரு வாலும் உண்டு: தெருக்காரியின் குரல் இரண்டு அமாவாசை கேட்காமல் போனால், இரண்டாம் அமாவாசை சாயங்காலம் குப்பத்துத் தலைவர்களான நாட்டார் கூடித் தெருவை வேறொருத்திக்குக் கொடுத்துவிடலாம். நடுவில் யார் வேண்டுமானாலும் அங்கே விற்கலாம். சொந்தம் கொண்டாட முடியாது.

1965 நவம்பர் 3-ஆம் தேதி என் பார்சல் அறை வாசலில் கூடையைத் தூக்கும்போது, இருசம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தொப்புள் எலுமிச்சை அளவு பிதுங்கிக் கல்லாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் தானே உள்ளே போனது. அவள் எழுந்து, "காத்து," என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினாள். இரண்டாம் முறை 8-ஆம் தேதி. அன்று காற்று என்று சொல்ல அவளுக்கே மூச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தேவசகாயத்திடம் போனாள். என்னையும் கூட வரச் சொன்னாள். "அவரு சொல்றத எல்லாம் எழுதிக்கோ பாசலு ஐயா. நான் பாதியிலயே மறந்துடுவேன்." பார்சல் ஐயா என்பதைத்தான் அப்படிச் சொல்வாள்.

டாக்டர் படுக்கவைத்துப் பார்த்தார். வயிற்றுத் தசை நடுவில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அந்தச் சந்து வழியாகத் தொப்புளில் குடல் எட்டிப் பார்க்கிறது. ஒருநாள் வெளியே மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஓட்டையை அடைத்து, தசையை இழுத்துச் சேர்த்துத் தைக்கவேண்டும். கூடவே, மடிப்புக்கு அடியில் வேர்த்துப் புண்ணாகிற அந்தத் தொங்கல் தோலையும் வெட்டி எடுத்துவிடலாம்.

இருசம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஒடம்பே இளைச்சிடும்?"

"இது இளைக்கிற ஆப்பரேஷன் இல்லம்மா. நீ இளைச்சிட்டு வந்தாத்தான் இது நடக்கும். எட்டுக் கிலோ கொறைச்சிட்டு வா. கொழுப்பு ஜாஸ்தி இருந்தா தையல் நிக்காது, சீழ் பிடிக்கும்."

"அதையும் நானே கொறைச்சிட்டா நீங்க இன்னா சார் செய்வீங்க?"

டாக்டர் சிரிக்காமல் அடுத்ததற்குப் போனார். புகையிலையை ஆறு வாரம் முன்பே விடவேண்டும். இரத்தக் குழாய் சுருங்கினால் தைத்த தோல் கறுத்துப்போகும். இனிப் பிள்ளை பெறுவதாக இருந்தால் இப்போது செய்யக்கூடாது. இழுத்துத் தைத்ததெல்லாம் மறுபடி பிரிந்துவிடும்.

"அந்தக் கடைய மூடி நாலு வருசம் ஆச்சி," என்றாள்.

தழும்பு ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புவரை போகும், ஆயுசுக்கும் இருக்கும். பதினைந்து நாள் நிமிர்ந்து நடக்க முடியாது. நீர் வடிய ஒரு குழாய் வைப்பார்கள். வயிற்றைச் சுற்றித் துணிப் பட்டை கட்டியே இருக்கவேண்டும். சொந்தக்காரர் இருவர் இரத்தம் கொடுக்கவேண்டும். தொப்புளைக் காப்பாற்றப் பார்ப்பார், உறுதி சொல்ல முடியாது.

இருசம்மாள் தொப்புளைத் தொட்டுப் பார்த்தாள். "தொப்புளு இல்லாம மேல போனா, இவ யாருக்குப் பொறந்தான்னு கேக்கமாட்டாங்களா?"

"நான் சீட்டு எழுதித் தர்றேன்," என்றார் டாக்டர். அவருக்கும் சிரிப்பு வரும் என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு கடைசியாகச் சொன்னார்: "மூணு மாசம் ஒரு சின்னச் சொம்புக்கு மேல எதையும் தூக்கக் கூடாது."

அவள் கட்டிலிலிருந்து இறங்கிவிட்டாள். மூன்று மாதம் என்றால் மூன்று அமாவாசை. இரண்டு போனாலே தெரு போய்விடும். நான்கு பிள்ளைகளும் சின்னதம்பியின் ஓட்டைக் கட்டுமரமும் அந்த ஐந்து தெருவில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. "வாணாம் சார். எலுமிச்சங்காயி இருந்துட்டுப் போவட்டும்."

11-ஆம் தேதி எலுமிச்சங்காய் மறுபடி வந்து முக்கால் மணி நேரம் இருந்தது. 12-ஆம் தேதி காலையில் என் அறைக்கு வந்தாள். "எடைய எழுது ஐயா. தெருவ அப்புறம் பாத்துக்கலாம்."

வாரம் ஒருநாள், திங்கட்கிழமை, என் தராசில் எடை. முதல் பதிவு 15-11-65: 82 கிலோ 450. இரண்டாம் வாரம் 80 கிலோ 600. ரயிலுக்கே கேட்கும்படி சொன்னாள்: "ரெண்டு கிலோ போச்சி!" எனக்குச் சந்தேகம். முதல் வாரம் இடுப்பு மடியில் என்னென்னவோ செருகியிருந்த நினைவு. மறுநாள் அவற்றைக் கொண்டுவரச் சொல்லித் தட்டில் வைத்தேன். மீன் நறுக்கும் கத்தி, பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பா, வெற்றிலைப் பை, இரண்டு சாவி, ஒரு அச்சு வெல்லம். ஒரு கிலோ 450. ஆக, உண்மையில் குறைந்தது 400 கிராம்.

"மடியும் என் ஒடம்புதான் ஐயா," என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றுமுதல் மடியைக் காலிசெய்த பிறகுதான் தராசு.

விற்று முடித்ததும் சிதம்பரத்தில் அவள் சாப்பிட்டு வந்த எட்டு இட்லி நான்காகி, இரண்டானது. ராத்திரி சோறு பாதியானது. ஜனவரி 10-ஆம் தேதி புகையிலையை விட்டாள். 17-ஆம் தேதி எடை 600 கிராம் ஏறியிருந்தது. விசாரித்ததில், வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்று நாள் முழுக்கக் கொப்பரைத் தேங்காய் மென்றிருக்கிறாள். அதையும் நிறுத்தினேன். பிப்ரவரி 14: 72 கிலோ 800.

தேதியும் குறித்தாயிற்று. பிப்ரவரி 20, ஞாயிறு, அமாவாசை. அன்று ஐந்து தெருவிலும் கூவிவிட்டு, மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். 22-ஆம் தேதி ஆப்பரேஷன். அடுத்த அமாவாசை மார்ச் 22, அதற்கடுத்தது ஏப்ரல் 20. எப்படியும் ஏப்ரல் 20 பொழுது சாய்வதற்குள் ஒரு தடவையாவது அவள் குரல் சிதம்பரத்தில் கேட்கவேண்டும்.

22-ஆம் தேதி ஆப்பரேஷன் நடக்கவில்லை. ராத்திரி எட்டுக்கு மேல் எதுவும் வாயில் வைக்கக் கூடாது என்று நர்ஸ் மங்கலம் சொல்லியிருந்தாள். விடிகாலையில் கட்டில் அருகே வந்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன வாசனை? மீனா? யார் தின்னது?"

தின்றது இருசம்மாள்தான். சின்னதம்பி வீட்டில் ஒரு வழக்கம்: ஆபத்தான காரியத்துக்குப் புறப்படுகிறவர் வாயில், அன்று முதல் வலையில் விழுந்த மீனில் ஒரு துண்டைச் சுட்டு வைக்கவேண்டும். அப்பா காலத்திலிருந்து அப்படி வைத்துத்தான் எல்லோரும் கடலிலிருந்து திரும்பியிருக்கிறார்கள். சின்னதம்பி விடியுமுன் கரைக்கு வந்து, மீனைச் சுட்டு, ஜன்னல் வழியாக ஊட்டிவிட்டுப் போயிருந்தார்.

"ஒரு துண்டுதான் சார்," என்றாள் டாக்டரிடம்.

"எவ்வளவு பெரிய துண்டு?"

கையால் காட்டினாள். அது துண்டு இல்லை, மீன்.

மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலில் இறங்கினால் ஆள் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் சத்தம் போட்டார். ஆப்பரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனது. அவளை வீட்டுக்கும் விடவில்லை; ஜன்னல் இல்லாத பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றினார்கள். அந்த ஒரு வாரம் அவள் பேசியதெல்லாம் விரல்விட்டு நாள் எண்ணியதுதான்.

மார்ச் 1, செவ்வாய். காலை 9.15-க்கு உள்ளே போனாள், 12.05-க்கு வெளியே வந்தாள். சின்னதம்பியும் அவர் தம்பியும் இரத்தம் கொடுத்தார்கள். வெட்டி எடுத்த தோலும் கொழுப்பும் 3 கிலோ 700 கிராம். டாக்டர் இதைச் சொன்னது என் தொந்தரவு தாங்காமல்தான். தொப்புள் பிழைத்துக்கொண்டது, கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது.

முதல் வாரம் முழங்காலை மடக்கியே படுத்திருந்தாள். இரண்டாம் வாரம் எழுந்து, தரையில் எதையோ தேடுகிறவள்போல் குனிந்து நடந்தாள். இருமும்போது தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொள்ளவேண்டும் என்று மங்கலம் கற்றுக்கொடுத்ததை நோட்டின் பதினொன்றாம் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். வீட்டுக்குப் போனது மார்ச் 19. மார்ச் 22 அமாவாசை, அவள் பாயில் இருக்கும்போதே போனது. ஏப்ரல் 16-ஆம் தேதி டாக்டர் பார்த்துவிட்டு, நடக்கலாம், ரயிலில் போகலாம், தூக்குவதுமட்டும் மே கடைசிவரை கூடாது என்றார்.

ஏப்ரல் 20, புதன்கிழமை. எனக்கு வார விடுமுறை. நாட்டார் சடையப்பன், தெருவுக்கு மூன்று வீடாவது அவள் குரலைக் கேட்டதாகச் சாட்சி வேண்டும், யார் வீடு என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்று என்னிடம் சொல்லியிருந்தார். 7.10 வண்டியில் இருசம்மாளோடு ஏறினேன். அவள் வெறுங்கையோடு, புடவைக்குள் பட்டை கட்டி, லேசாகக் குனிந்து நின்றாள். எதிரே, கூடைக்குப் பக்கத்தில் மலர்க்கொடி. எட்டு வாரமாக அந்த ஐந்து தெருவில் விற்றுக்கொண்டிருந்தவள் அவள்தான். இன்று சாயங்காலம் தெரு கைமாறினால் அவளுக்குத்தான் மாறும்.

ஆலப்பாக்கம் தாண்டியது. பிறகு மலர்க்கொடி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பாசலு ஐயா, வெறுங்கையோட போயிக் கூவுனா சனம் பைத்தியம்னு சொல்லும். கூடை வேணுமான்னு கேளுங்க."

இருசம்மாள் அவளுக்கு ஒரு முழ தூரத்தில்தான் நின்றாள். என்னைப் பார்த்தே பதில் சொன்னாள்: "நாளைக்கு அஞ்சி தெருவையும் அப்பிடியே வாரிக்கப் போறவ, இன்னைக்கு எதுக்கு தர்மம் பண்றான்னு கேளுங்க."

"எட்டு வாரம் வித்துப் பாத்துட்டேன் ஐயா. நான் கூவுனா அடுத்த வூட்டு நாயிகூட திரும்பிப் பாக்கல. பாதிக் கூடை கருவாடா வூட்டுக்கு வருது. தெருவ வெச்சி நான் இன்னா பண்றது? மீனு போனா போதும்னு சொல்லுங்க."

நான் இரண்டு பக்கமும் தலையை ஆட்டினேன். அதற்கு மேல் எனக்கு வேலை இருக்கவில்லை.

ரயில்வே கேட்டை ஒட்டிய முதல் தெரு. மணி 9.05. மலர்க்கொடி தலையில் கூடையோடு பின்னால் நின்றாள். இருசம்மாள் தெருமுனையில் நின்று, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள்.

வந்தது குரல் இல்லை, கதவுக் கீல் சத்தம். மறுபடி முயன்றாள். அதே கீல். பட்டையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அவள் குரல் இத்தனை வருஷமும் தொண்டையிலிருந்து வரவில்லை, வயிற்றிலிருந்து வந்தது. அந்த வயிற்றைத்தான் டாக்டர் இழுத்துத் தைத்துவிட்டார்.

மலர்க்கொடிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தலைக்கூடை குலுங்கியது. "ஐயா, இப்ப ரெண்டு பேரும் ஒரே கொரலுன்னு சொல்லுங்க!"

"சிரிக்காதடி! சிரிச்சா எனக்கும் வருது, தையலு பிச்சிக்கும்!" என்று கத்தப் போய் அதுவும் கீலாகவே வந்தது. அவசரத்தில் என் வழியாகச் சொல்ல மறந்துவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சிரிப்பால் வந்த தண்ணீர் இல்லை. "நோட்டப் பாரு ஐயா. கொரலப் பத்தி டாக்டரு ஒண்ணும் சொல்லலியா?"

புரட்டினேன். குரலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்கவேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. பதினொன்றாம் பக்கத்தில் இருந்ததைப் படித்தேன்: "இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொள்ளவும்."

"தலவாணிக்கு இந்தத் தெருவுல எங்க போறது?" என்றவள், திரும்பி மலர்க்கொடியின் தலையைப் பார்த்தாள். கூடைக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்த சும்மாடு இருந்தது.

கூடையை இறக்கவேண்டும். இருசம்மாள் பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னே போனாள். "சொம்பு!" என்று நான் கத்தினேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த முதல் வீட்டம்மாளும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். மலர்க்கொடி சும்மாட்டை எடுத்து, அண்ணியின் கையில் கொடுக்காமல், தானே அவள் வயிற்றில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

"இப்பக் கூவு."

"மீனே...! சங்கரா, கெழங்கா மீனே...!"

மணி 9.12. பழைய குரலில் முக்கால் பங்கு என்று எழுதி வைத்திருக்கிறேன். முக்கால் போதுமானதாக இருந்தது. கதவுகள் திறந்தன. முதலில் வந்த கிழவி கேட்டாள்: "அடியே இருசம்மா, எங்கடி போயிட்ட? பொறந்துடுச்சா?"

மலர்க்கொடி முந்திக்கொண்டாள். "ஆச்சி ஆச்சி. மூணு கிலோ எழுநூறு."

"அடேயப்பா, நல்ல எடை! சொகப்பிரசவமா?"

"ஆப்பரேசன்."

"பாவம். ரெண்டு கூறு குடு," என்றாள் கிழவி. பேரம் பேசவில்லை. மலர்க்கொடி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லாததால் நானும் திருத்தவில்லை.

ஐந்து தெருவிலும் சேர்த்து இருபத்திரண்டு வீட்டை எழுதிக்கொண்டேன். 11.40-க்குக் கூடை காலி. அன்று சாயங்காலம் குப்பத்தில் நோட்டைப் படித்தபோது சடையப்பன், மூன்று வீடு போதும், நிறுத்துங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். இருபத்திரண்டையும் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். தெரு இருசம்மாளிடமே இருந்தது. ஜூன் முதல் அவளே கூடை தூக்கினாள். இறக்கிவைக்க வயிற்றில் படி இல்லாததால் மலர்க்கொடி கை கொடுத்தாள். ஐந்து தெருவையும் இருவரும் ஒரே குரலில் விற்றார்கள். எனக்குத் தெரிந்து 1971-இல் நான் மாற்றலாகிப் போகும்வரை அப்படித்தான்.

திரும்பிய பகல் வண்டியைச் சொல்ல விட்டுவிட்டேன். அன்று நல்ல கூட்டம். இருசம்மாள் ஏறி, வழக்கம்போல் இருக்கைக்கு எதிரே போய் நின்றாள். யாரும் எழவில்லை. யாரும் மாசம் கேட்கவில்லை. ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாத்தியா ஐயா? இதுக்குத்தான் அறுத்துக்கிட்டனா?" என்றாள் என்னிடம்.

கிள்ளை தாண்டியதும் மலர்க்கொடி காலிக் கூடையால் அந்த ஜன்னல்காரரின் முழங்காலைத் தட்டினாள். "யோவ், அண்ணிக்கு வயித்துல தையலு. எந்திரி."

அண்ணி என்ற வார்த்தையை ஆறு வருஷமாக அவள் வாயில் யாரும் கேட்டதில்லை. அவர் பதறி எழப்போனார். இருசம்மாள் அவர் தோளில் கைவைத்து உட்காரவைத்தாள்.

"எந்திரிக்க வாணாம் சாமி. கொஞ்சம் தள்ளு. இப்ப எனக்குப் பாதி எடம் போதும். இன்னொரு பாதியில மலரு குந்திக்கட்டும்."